சாராயக் கடைக்கு ஜாமீன்

என் வீட்டுக்காரர் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் சூளைக்குத் தீப்போடும் வேலை பார்த்தார். நானும் அங்கேதான் இருந்தேன். காய்ந்த கப்புகளின் விளிம்பை ஈரத்துணியால் தேய்த்து மழமழவென்று ஆக்கிக் கொடுக்கும் வேலை. சூளையைப் பற்றவைத்துவிட்டால், தீயை அணைத்துச் சூளை இறங்கும்வரை அவர் வீட்டுக்கு வர முடியாது. நிலக்கரியை அள்ளி அள்ளிப் போட வேண்டும், ஓட்டை வழியாக உள்ளே எரிகிற நிறத்தைப் பார்க்க வேண்டும். அந்த வெக்கையில் நின்றவர்களில் குடிக்காதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்போது மதுவிலக்கு இருந்தது. இருந்து என்ன, மணிமுத்தாற்று நாணல் புதருக்குள் சாராயத்தைச் சைக்கிள் டியூபில் கட்டிக்கொண்டு வந்து விற்றார்கள். போலீசுக்குத் தெரியாத இடம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கல்யாணமான புதிதில் அவர் குடிப்பது எனக்குத் தெரியாது. தெரிந்தபோது வயிற்றில் முதல் குழந்தை. குழந்தை பிறந்து நான் ஸ்ரீமுஷ்ணத்தில் அம்மா வீட்டில் படுத்திருந்தபோது, போதையோடு சூளை வாயில் நின்று கையைச் சுட்டுக்கொண்டார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்துவிட்டது. செய்தி வந்ததும் நான் அழுதேனா திட்டினேனா என்று இப்போது நினைவில்லை. இரண்டும் செய்திருப்பேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் கோர்ட்டுக்குப் போக முடியாத வழக்குகளுக்கு ஒரு கோர்ட்டு உண்டு. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். ஆடு திருடியவன், நிலத்தை அமுக்கியவன், கட்டினவளை விட்டுவிட்டு ஓடியவன், யார் மேல் குறையிருந்தாலும் ஒரு தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்துப் பூசை செய்து, அங்கேயே இருக்கும் முனியப்பர் முன்னால் நட்ட வேலில் கட்டிவிட்டு வந்துவிடலாம். அதற்குப் பேர் பிராது. மூன்று நாளிலோ மூன்று வாரத்திலோ மூன்று மாதத்திலோ சாமி கேட்கும் என்பார்கள். காரியம் முடிந்ததும் கட்டினவரே திரும்பப் போய் வழக்கை வாபஸ் வாங்க வேண்டும். அதற்குப் பேர் ராஜினாமா. கட்டினவரைத் தவிர வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது.

எனக்குப் பிள்ளை பெற்ற தீட்டு. கோயில் பக்கமே போக முடியாது. அதனால் என் நாத்தனார் போனார். என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா, தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். தம்பி பேரை எழுதி, "இவன் இனிமே குடிச்சா நீயே கேட்டுக்க" என்று பிராது கட்டிவிட்டு வந்து, தம்பியிடமே நேரில் சொன்னார். அவர் முகம் வெளுத்துவிட்டதாம். அன்றோடு நிறுத்தினார்.

நான் இதைப் பெரிய பக்தி என்று சொல்ல மாட்டேன். பயம். சுத்தமான பயம். எங்கள் தெருவில் பிராது கட்டப்பட்ட ஒருவனுக்கு வாய் கோணிப் போனதை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். இருமலுக்கு டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தால், கம்பவுண்டரிடம் போய், "இதுல ஸ்பிரிட்டு இருக்குதாங்க?" என்று கேட்பார். கம்பவுண்டர் சிரிப்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவார். இருமி இருமிச் சாவார், ஆனால் டானிக் குடிக்க மாட்டார். நான் கேலி செய்வேன். உள்ளுக்குள் அந்தச் சாமியைக் கையெடுத்துக் கும்பிடுவேன். இரண்டாவது குழந்தையும் பிறந்தது. சம்பளம் வீட்டுக்கு வந்தது. சூளையில் அவர் வைத்த தீயில் ஒரு ஜாடிகூட வெடிக்காது என்று முதலாளியே சொல்வார். என் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள் என்றால் அவைதான்.

எழுபத்தொன்றில் கவர்மெண்ட் மதுவிலக்கை எடுத்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் ஏலம் விடப்போவதாகப் பேச்சு வந்தது. நாத்தனார் வீட்டுக்காரர் ஜங்ஷன் ரோட்டில் ஊறுகாய் ஜாடிக் கடை வைத்திருந்தார். கம்பெனிகளில் கழித்துப் போட்ட கோணல் ஜாடிகளை எடுத்து விற்பார். ஊரில் எல்லோருக்கும் அவர் ஜாடிக்காரர்தான். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற இரண்டு பெண்கள். அவர் குடிக்க மாட்டார், பீடிகூடக் கிடையாது. குடிக்காதவன்தான் சாராயக் கடை நடத்த லாயக்கு என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். எங்கள் கம்பெனிகள் இருந்த பக்கத்துக்கு ஒரு சாராயக் கடை என்று அறிவித்ததும், ஏலத்தில் போய் நின்று எடுத்துவிட்டார்.

ஏலம் எடுத்தால் மட்டும் போதாதாம். லைசென்ஸ் கைக்கு வர வேண்டுமென்றால், கடை பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் இல்லை என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து எழுத வேண்டும். வில்லங்கம் இல்லாத சொத்தை ஜாமீனாகக் காட்ட வேண்டும். ஜாடிக்காரர் இருந்தது வாடகை வீடு, கடையும் வாடகை. சொத்து என்று இருந்தது எங்களிடம்தான். என் மாமனார் விட்டுப்போன வீடும், திட்டக்குடி ரோட்டில் கொஞ்சம் புஞ்சையும். இரண்டும் என் வீட்டுக்காரர் பேரில் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாடிக்காரர் வந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னார். என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னால முடியாது மாமா. எம்மேல கேஸு இருக்குது. சாராயத்துக்குன்னு நான் கையெழுத்துப் போட்டா சாமி சும்மா வுடாது."

வேறு ஆளாக இருந்தால் சிரித்திருப்பான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆளா என்று சொல்லியிருப்பான். ஜாடிக்காரர் சிரிக்கவில்லை. அவரும் அதே சாமியைக் கும்பிடுகிறவர். தலையை ஆட்டினார், யோசித்தார்.

"நீ சொல்றதும் நாயந்தான். கேஸு இருக்கும்போது நீ கையெழுத்துப் போடக் கூடாது. அப்போ உங்கக்காவ வுட்டு ராஜினாமா பண்ணிடுவோம்."

தாலுக்கா ஆபீசில் ஒரு வேலை, சார்பதிவாளர் ஆபீசில் ஒரு வேலை, கோயிலில் ஒரு வேலை. அவர் கணக்கில் மூன்றும் ஒன்றுதான். லைசென்ஸ் வாங்க ஓடுகிற ஓட்டத்தில் சாமியும் ஒரு ஆபீசர் ஆகிவிட்டது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் போன பின்பு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. "அக்கா என்னா சொல்லுதோ பாப்போம்" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ரொம்ப நாள் தூக்கிய சுமையை யாரோ வந்து இறக்கிவைக்கப் போகிறார்கள் என்ற நிம்மதி.

மறுநாள் வேலை விட்டதும் கை மண்ணைக்கூடக் கழுவாமல் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவர் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ராஜினாமா பண்ணாதீங்க அண்ணி. உங்க கால்ல வுழறன்" என்றேன்.

"எதுக்குப் பயப்படற? அவன் குடிய வுட்டு எத்தினி வருஷம் ஆச்சு? திருந்திட்டான். காரியம் முடிஞ்சப்பறமும் பிராத வாபஸ் வாங்காம வெச்சிருக்கறதுதான் தப்பு. எப்பவோ பண்ணியிருக்கணும், நாந்தான் மறந்துட்டன்."

"காரியம் முடிஞ்சுதுன்னு யாரு சொன்னது? அவரு திருந்தலைங்க, பயந்துக்கிட்டு இருக்காரு. அந்தப் பயத்த எடுத்துட்டீங்கன்னா என்னா இருக்கும்?"

"எனுக்கு ரெண்டு பொண்ணு நிக்குதுடி" என்றார் நாத்தனார். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கோண ஜாடிய வித்து நான் எந்தக் காலத்துல இதுங்களக் கரையேத்தறது? உன் வூட்டுக்காரன் எனுக்குத் தம்பி. நான் வளத்த புள்ள. அவன் கெட்டுப் போவணும்னு நான் நெனப்பனா?"

நினைக்க மாட்டார்தான். அது எனக்குத் தெரியும். கெட்ட எண்ணம் உள்ளவர்களோடு சண்டை போடலாம், தலைமுடியைப் பிடித்து இழுக்கலாம். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிற பெண்ணோடு என்ன சண்டை போடுவது?

அந்த வெள்ளிக்கிழமை நாத்தனார் போய் ராஜினாமா செய்துவிட்டு, விபூதியை மடித்து எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பி நெற்றியில் அவரே பூசினார். "உம்மேல ஒண்ணும் இல்லடா இனிமே" என்றார். மறுநாளே என் வீட்டுக்காரர் போய் ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து இடத்தைப் பார்த்தார். பக்கத்தில் கோயில் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை என்று எழுதிக்கொண்டார். எதிரே சூளைகள் இருப்பதைப் பற்றி எழுத அவர் படிவத்தில் ஒரு இடமும் இருக்கவில்லை. லைசென்ஸ் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார் ஜாடிக்காரர். சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, பூசணிக்காய் சுற்றி, ஒரு மளிகைக் கடை திறப்பது போலத்தான் திறந்தார்கள்.

திறந்த அன்று என் வீட்டுக்காரர் குடிக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சூளை இறங்கிய அன்றைக்கு, பகலில் வீட்டுக்கு வந்தவர் கால் கழுவாமல் போய்ப் பாயில் படுத்தார். சோறு வேண்டாம் என்றார். குனிந்து பார்த்தேன். அந்த வாடையை நான் மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன். மறக்கவில்லை.

"என்னாங்க இது?" என்றேன்.

"லைசென்ஸு கடைடி. சுத்தமான சரக்கு. ஆத்தோரத்து விஷம் இல்ல" என்றார். கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். "போலீசும் கேக்காது, சாமியும் கேக்காது."

நான் நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. என் வாய் நீளம் என்று அன்றிலிருந்துதான் பேர் வந்தது. வரட்டும். நாத்தனார் வெளியே வரவில்லை. ஜாடிக்காரர் வந்து, "நான் அவனுக்கு ஊத்தச் சொல்லல தங்கச்சி. அவனுக்குக் குடுக்காதீங்கன்னுதான் வேலையாளுங்ககிட்ட சொல்லியிருக்கறன்" என்றார். சொல்லியிருப்பார். ஜாமீன் போட்டவர் வந்து கேட்டால் இல்லை என்று சொல்ல எந்த வேலையாளுக்குத் தைரியம் வரும்?

அந்த வாரமே நான் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். பிராது எழுதிக் கொடுக்கிறவர் யார் மேல் என்று கேட்டார். வீட்டுக்காரர் பேர் வாய்வரைக்கும் வந்தது. சொல்ல மனசு வரவில்லை. சாமி கேட்டால் கை போகுமோ, கால் போகுமோ, வாய் கோணுமோ. என் பிள்ளைகளின் அப்பா அவர். அதுவும் இல்லாமல், அவராகவா குடித்தார்? வாசலில் கொண்டுவந்து வைத்தால் குடித்தார். ஜாடிக்காரர் பேரைச் சொன்னேன்.

"என்னாம்மா வேணும்?"

"கடைய மூடணும்."

எழுதினார். கட்டிவிட்டு வந்தேன். மூன்று நாள் போயிற்று, மூன்று வாரம் போயிற்று, மூன்று மாதமும் போயிற்று. கடையில் கூட்டம் கூடிக்கொண்டே போனது. சாமியும் லைசென்சைப் படித்துப் பார்த்திருக்கும், கவர்மெண்ட் சீலைக் கண்டு ஒதுங்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஜாடிக்காரர் மூத்த பெண்ணைக் கடலூரில் கட்டிக் கொடுத்தார். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. என் வீட்டுக்காரர் போனார், போன இடத்தில் விழுந்து கிடந்தார், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள்.

அதன் பிறகு ஒரு சூளையில் தீப்போடும்போது தூங்கிவிட்டார். தீ ஏறிப்போய் உள்ளே அடுக்கியிருந்த ஜாடிகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பாறை மாதிரி ஆகிவிட்டன. சம்மட்டி வைத்து உடைத்து வெளியே எடுத்தார்கள். முதலாளி நல்லவர், வேலையை விட்டு அனுப்பவில்லை. களிமண் மிதிக்கிற இடத்துக்கு மாற்றினார். தீயின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்கிற மனுஷன் மண்ணை மிதித்துக்கொண்டு நின்றார். நான் கப்பு தேய்க்கிற கொட்டகையிலிருந்து பார்த்தால் தெரியும். பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

எழுபத்துநாலில் கவர்மெண்ட் மறுபடியும் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. ஒரே நாளில் எல்லாச் சாராயக் கடையையும் மூடிவிட்டார்கள். ஜாடிக்காரர் போர்டைக் கழற்றினார். கண்ணாடிச் சட்டம் போட்ட லைசென்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். எங்கள் தெருப் பெண்கள் தேங்காய் உடைத்தார்கள். நானும் உடைத்தேன். அன்றைக்குப் பாயசம் வைத்தேன், பிள்ளைகள் எதற்கு என்று கேட்டார்கள், சும்மாதான் என்றேன். என் பிராது ஜெயித்துவிட்டது என்று என் மனசு கிடந்து துள்ளியது. இத்தனை பெரிய கவர்மெண்டையே சாமி அசைத்துவிட்டதே என்று பெருமைகூடப் பட்டேன். உடனே போய் ராஜினாமா செய்ய வேண்டும். ஆனால் அவசரப்பட்டு ராஜினாமா செய்து ஒரு தடவை பட்டாயிற்று. என் வீட்டுக்காரர் குடிக்காமல் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவோம் என்று இருந்தேன்.

அவர் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, சோறு இறங்கவில்லை. மோர் கொடுத்தேன், கஞ்சி கொடுத்தேன். நாலைந்து நாளில் நடுக்கம் நின்றது. எனக்கு உயிர் வந்தது. நடுக்கம் ஏன் நின்றது என்று அப்புறம்தான் தெரிந்தது. நாணல் புதருக்குள் பழைய ஆட்கள் திரும்ப வந்துவிட்டார்கள். கடை இருந்த காலத்தில் அவர்கள் பிழைப்பு போயிருந்தது. இப்போது வந்தவர்கள் சாராயம் காய்ச்சக்கூட இல்லை. மரத்துக்குப் பூசுகிற வார்னிஷில் எதையெதையோ கலந்து விற்றார்கள்.

இதற்கிடையில் ஜாடிக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. நாத்தனார் என்னைத் தேடி வந்தார். மூன்று வருஷமாகப் பேசாதவர். நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"நீ கட்டுன பிராதுதான்னு ஊரே பேசுது. கடைதான் போயிடுச்சே, இன்னும் எதுக்குக் கட்டி வெச்சிருக்க? உன் கேஸு ஜெயிச்சுடுச்சுடி. ராஜினாமா பண்ணிடு. அந்த மனுஷன் எழுந்து நடக்கட்டும்."

"எங்க ஜெயிச்சுது? ஆத்தங்கரைக்குப் போயி உங்க தம்பி எந்தப் புதருல கெடக்கறாருன்னு பாத்துட்டு வாங்க. அப்பறம் பேசுவோம்" என்றேன்.

அவர் அழுதார். நான் அழவில்லை. கல்லாகத்தான் உட்கார்ந்திருந்தேன். மாலையில் என் வீட்டுக்காரரே வந்து கேட்டார். "அக்கா பாவம். மாமாவும் பாவம். பண்ணிடேன்." அவருக்கு எல்லோரும் பாவம். மாட்டேன் என்று சொன்னேன். நீங்கள் குடியை விடுங்கள், அன்றைக்கே போகிறேன் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த மாதம் ஒருநாள் களிமண் கொட்டகையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நான் வேலை செய்யும் இடத்துக்கு வந்தார். மதியம். வெளியே வெயில் கொளுத்துகிறது. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். எப்போதும் அப்படிக் கூப்பிடுகிறவர் இல்லை.

"ஏன் இப்படி இருட்டா வெச்சிருக்கீங்க? லைட்டப் போடு" என்றார்.

கொட்டகையில் இருந்த பெண்கள் எல்லோரும் கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்தோம். கம்பெனி லாரியிலேயே ஏற்றிக் கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, லைட்டைப் போடு, லைட்டைப் போடு என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் ஏற்கனவே நாலைந்து பேர் அதே மாதிரி கிடந்தார்கள். எல்லோரும் அந்த வார்னிஷ் சரக்கைக் குடித்தவர்கள். மறுநாள் விடிந்ததும் போய்விட்டார். நல்ல மனுஷன். என்னை ஒரு தடவைகூடக் கைநீட்டி அடித்ததில்லை. அதைச் சொன்னால் குடிகாரனுக்குச் சர்டிபிகேட் கொடுக்கிறாள் என்பார்கள். கொடுக்கத்தான் செய்வேன்.

சாவு வீட்டில் நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் தள்ளவில்லை. ராஜினாமா பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. ஜாடிக்காரரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்திருந்தார்கள். அவருக்குப் பேச்சும் குழறிவிட்டிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஒரு வருஷம் கோயிலுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வருஷ திவசம் முடிந்ததும் நானே கிளம்பினேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, இன்றைக்கும் தீரவில்லை. ஆனால் அந்த வழக்கை நான் யாருக்காகப் போட்டேனோ அவர் இல்லை. அப்புறம் எதற்காக ஒரு மனுஷனைக் கட்டிலில் கட்டிப்போட்டு வைப்பது? அவருக்கு இன்னும் ஒரு பெண் வீட்டில் இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது நாத்தனார் பின்னாலேயே வந்து நின்றார். நான் வரச் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கோயிலில் அவர் உள்ளே வராமல் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

பிராது எழுதுகிறவர் மாறியிருந்தார், இப்போது ஒரு சின்ன வயதுக்காரர். ராஜினாமா செய்ய வருகிற எல்லோரிடமும் அவர் ஒரு கேள்வி கேட்டார். எனக்கு முன்னால் நின்ற கிழவர் தொலைந்த மாடு கிடைத்துவிட்டது என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டுப் போனார். என் முறை வந்தது. அவர் நிமிர்ந்து என் வெறும் நெற்றியைப் பார்த்தார்.

"கேட்டது கெடச்சுதாம்மா?"

"கெடச்சுதுங்க" என்றேன். "கடைய மூடிட்டாங்க."